எல்லாரும் படிக்கிறார்கள் என்று நீங்களும் எடுக்கும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு அறிவியல் புனைகதையும் ஃபேன்டசியும் படிக்கிற பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ரசிகர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, கைத்தொலைபேசியே சொல்லிவிடுகிறது. ஆனால் அது பட்டியலை மட்டும்தான் தருகிறது. அந்தப் புத்தகம் ஏன் பட்டியலில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. திடீரென்று ஒரு புத்தகத்தை எல்லாரும் பேசுகிறார்கள் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: படமாகவோ தொடராகவோ வந்திருக்கும், விருது வாங்கியிருக்கும், இல்லை டிக்டாக்கில் ஓடியிருக்கும். எது என்று தெரிந்தாலே நமக்கு ஒத்துவருமா என்பது பாதி தெரிந்துவிடும். தெரியாமல் 60 ரிங்கிட் போட்டு வாங்கி, நாற்பதாம் பக்கத்தில் விட்டுவிட்டு, "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று ஒதுங்கிப்போகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்படி ஒதுங்குவதற்குப் பெரிய காரணம் ஒரு தவறான எண்ணம்: புரியாத சொல் வந்தால் நம் ஆங்கிலம்தான் மட்டம் என்று நினைத்துக்கொள்வது. 2021இலும் 2024இலும் வந்த படங்களைப் பார்த்த சூட்டில் படிவம் நான்கு மாணவன் ஒருவன் 'டியூன்' நாவலைத் திறக்கிறான் என்று வையுங்கள். தொடக்கத்திலேயே கோம் ஜப்பார், குவிசாட்ஸ் ஹாடரக், பெனே கெஸரிட் என்று வந்து விழுகின்றன. அகராதியில் இல்லை. இணையத்தில் தேடினால் கதையின் முடிவையே போட்டு உடைத்துவிடுகிறார்கள். மூடி வைத்துவிடுகிறான். அதே பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். இரவில் படுக்கையில் கிடந்தபடி, வீட்டுக்கு வந்த ஒரு கிழவி சொல்கிற சொற்களைக் கேட்கிற கதாநாயகன் பால் (Paul) என்பவனுக்கே அவற்றின் பொருள் தெரியாது. 15 வயதுப் பையன் அவன். இது என்ன, அது என்ன என்று மனசுக்குள் உருட்டிக்கொண்டுதான் தூங்கிப்போகிறான். 1965இல் இந்த நாவலை வெளியிட்ட ஃபிராங்க் ஹெர்பர்ட், வாசகரையும் அவன் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார். லண்டனில் பிறந்து வளர்ந்தவரும் அந்த இடத்தில் நம்மைப் போலவேதான் முழிப்பார்.

இந்த வகைக் கதைகளில் முதல் 50 பக்கத்தை நிறுத்தாமல் படித்துவிட வேண்டும். முக்கியமான சொல் என்றால் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது முறை வரும்போது தானாகப் பிடிபட்டுவிடும். 'டியூன்' புத்தகத்தின் பின்பக்கத்தில் சொல்விளக்கமே இருக்கிறது, ரொம்பவும் முட்டினால் அங்கே போகலாம். இயற்பியல் தெரிந்தால்தான் அறிவியல் புனைகதை படிக்க முடியும் என்ற பயமும் இதே ரகம்தான். கதைக்கு வேண்டிய அறிவியலைக் கதையே சொல்லிக் கொடுக்கும்.

அடுத்தது, திரையில் பார்த்ததைப் படித்ததாக எடுத்துக்கொள்வது. 'தி திரீ பாடி பிராப்ளம்' இதற்கு நல்ல உதாரணம். சீன எழுத்தாளர் லியூ சிசின் எழுதியது. சீனத்தில் 2008இல் நூலாக வந்தது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்து, மறு ஆண்டே அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் கொடுக்கப்படுகிற ஹியூகோ விருதை வாங்கியது. 2024இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்த பிறகு மறுபடியும் எல்லார் வாயிலும் அடிபட ஆரம்பித்தது. அந்தத் தொடர் கதையின் பெரும்பகுதியை இங்கிலாந்துக்கு நகர்த்தி, நாவலின் முக்கியப் பாத்திரமான வாங் மியாவோவின் பங்கைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. போதாததற்கு, அடுத்தடுத்த பாகங்களில் வருகிறவர்களையும் முன்னாலேயே கொண்டுவந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நாவலை எடுப்பவர்கள் தெரிந்த முகங்களைத் தேடித் தேடி ஏமாறுகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. உங்கள் வகுப்பிலேயே இந்த நாவலைச் சீனத்தில் படித்த நண்பர் இருக்கலாம். 2023இல் சீனாவில் வந்த 30 பகுதித் தொடரைப் பார்த்தவரும் இருக்கலாம். அது நாவலை ஒட்டியே போகிற தொடர். அவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஆங்கிலப் பதிப்பு சீனாவில் நடந்த கலாசாரப் புரட்சிக் காலத்துக் கொடுமையோடு தொடங்குகிறது, யே வென்ஜியே என்ற பெண்ணின் தகப்பனாரை அவள் கண் முன்னாலேயே அடித்துக் கொல்கிறார்கள். சீன நூலில் அந்தக் காட்சி முதலில் வராது, கதையின் நடுவில்தான் வரும். "இது ஆரம்பத்தில் இல்லையே" என்று நண்பர் சொல்லும்போது அங்கே ஒரு நல்ல பேச்சு தொடங்கும். ஒரே மேசையில் மூன்று மொழிக்காரர்கள் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கிற ஊரில் இருக்கிறோம், இந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள்.

தள்ளுபடி விற்பனைக்குப் போனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று தொடரின் மூன்றாம் பாகத்தை வாங்கிவராதீர்கள். தனித்து நிற்கிற நாவலா, தொடரில் எத்தனையாவது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்தில் எங்காவது போட்டிருப்பார்கள். வரிசையைப் பற்றி இன்னொன்றும் உண்டு. கதைக்குள் எது முந்தி நடக்கிறதோ அதிலிருந்து தொடங்குவது சரி என்று தோன்றும், பல தொடர்களில் அது சரியில்லை. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1951இல் நூலாக வந்தது. அதற்கு முந்திய காலத்தைச் சொல்கிற 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' 1988இல்தான் வந்தது. முதலில் எழுதியதையே முதலில் படியுங்கள். பின்னால் எழுதியது, நீங்கள் முன்னதைப் படித்துவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசை இதற்கு விதிவிலக்கு. 41 நாவல்கள் இருந்தாலும் பெரும்பாலானவற்றைத் தனியாகவே படிக்கலாம்.

முடியாத தொடர் என்று தெரியாமல் இறங்குவதும் வேண்டாம். ஜார்ஜ் மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை) தொடரில் ஐந்தாவது பாகம் 2011இல் வந்தது, ஆறாவதற்கு வாசகர்கள் அன்று முதல் காத்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டு படித்தால் வருத்தம் இல்லை.

விருதை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த விருதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹியூகோவுக்கு வாக்களிப்பவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது ரசிகர்கள். இன்னொரு விருதான நெபுலாவுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். இரண்டும் நல்ல வழிகாட்டிதான், ஆனால் விருது பெற்ற நூல் எல்லாம் முதல் நூலாக எடுக்க ஏற்றது என்று அர்த்தம் இல்லை. என்.கே. ஜெமிசின் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஹியூகோ வாங்கியவர். அவருடைய 'தி ஃபிஃப்த் சீசன்' ஒரு பெண்ணின் கதையை "நீ, நீ" என்று வாசகரைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போகும். அற்புதமான நாவல், ஆனால் பழகிய பிறகு எடுப்பது நல்லது. 2025இல் ஹியூகோ வாங்கிய ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெய்ன்டட் கப்' அப்படி இல்லை. ஒருவன் உடம்பிலிருந்து மரம் முளைத்துக் கிளம்பிச் செத்துப்போகிறான், யார் செய்தது என்று விசாரிக்கிறார்கள். தமிழில் துப்பறியும் நாவல் படித்து வளர்ந்தவர்கள் தைரியமாக இதிலிருந்தே தொடங்கலாம். தடிமனைக் கண்டு மிரள்பவர்களுக்கு மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' இருக்கிறது. 2017இல் வந்த குறுநாவல். பாதுகாப்புக்கு அனுப்பப்பட்ட இயந்திரம், தன்னைக் கட்டுப்படுத்துகிற கருவியை ஏமாற்றிவிட்டு, கிடைத்த நேரமெல்லாம் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

டிக்டாக்கில் ஓடுகிற புத்தகங்களைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒன்று. "அக்கா, டிராகன் கதைதானே, மகளுக்கு வாங்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' 2023இல் வந்து பெரிய அலையைக் கிளப்பிய நாவல். டிராகன் இருக்கிறது, பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஆனால் அது பெரியவர்களுக்கான காதல் கதை, படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே வரும். படிவம் ஒன்று பிள்ளைக்கு அது வேண்டாம். டிராகன்தான் வேண்டும் என்றால் டோல்கீன் பிள்ளைகளுக்காகவே எழுதி 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' இருக்கிறது.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றுகிற திருட்டுப் பிடிஎஃப் வேண்டாம். எழுதியவருக்கு அதிலிருந்து ஒரு காசுகூடப் போகாது. நூலகத்தில் இல்லை என்றால் வாங்கித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, ஃபேன்டசி என்றால் பனியும் கோட்டையும்தான் என்று நினைப்பது. மலேசியாவில் வளர்ந்த ஜென் சோ 2021இல் வெளியிட்ட 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' பினாங்கில் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புகிற ஒரு சீனப் பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டி பேச ஆரம்பிக்கிறாள். ஒரு தெய்வத்தின் கோயில் இடத்தை மேம்பாட்டுக்காரர்கள் பறிக்கப் பார்க்கிறார்கள். தோட்டம் விற்கப்பட்டபோது முனியாண்டி கோயில் என்ன ஆகுமோ என்று பதறிய குடும்பங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. அறிவியல் புனைகதை தமிழிலும் இருக்கிறது. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வரும். அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. பழைய புத்தகக் கடையில் இரண்டாவது மட்டும் கையில் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலாவது கிடைக்கும்வரை பிரிக்காதீர்கள்.