மனை வாங்கும்போது நாம் கோட்டை விடும் இடங்கள்

மனை பிடித்துப்போனால் முதலில் வக்கீலிடம் ஓடுகிறோம். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாம் சரி என்று அவர் சொன்னதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. இந்தக் காகிதங்கள் நிலம் யாருடையது என்று மட்டும்தான் சொல்லும். அங்கே வீடு கட்ட விடுவார்களா என்பதை நகரத் திட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று அதில் ஏதோ ஒரு வகைக்குள் வரும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் வகை தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல், "பக்கத்தில் எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்று சமாதானம் செய்துகொள்வது பெரிய தவறு. அவர்களும் அனுமதி இல்லாமல் கட்டியிருக்கலாம். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலத்தடி நீர் ஊறும் பகுதி போன்ற இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. வகையை மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. "கன்வர்ஷன் (வகை மாற்றம்) நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று விற்பவர் சொன்னால், அதை வாங்கிய பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது "பஞ்சாயத்து அப்ரூவல்", அதாவது ஊராட்சியே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்துவிட்டது என்ற பேச்சு. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. சென்னைத் திட்டப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. ஒப்புதல் வேண்டும். 2016-இல் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருடம், அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 20.10.2016 வரை பிரித்த மனைப்பிரிவுகளுக்குத்தான் அது பொருந்தும். அதற்குப் பிறகு புதிதாகப் பிரித்த மனைப்பிரிவுக்கு அந்தச் சலுகை இல்லை. "அப்புறம் வரன்முறை செய்துகொள்ளலாம் சார்" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சரி, ஒப்புதல் எண் இருக்கிறது. அதோடு விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வியப்பு. எண்ணைக் கேட்டதுபோல வரைபடத்தையும் கேளுங்கள். விற்பவர் தரும் வண்ணப் படம் வேண்டாம், முத்திரையோடு இருக்கும் அசல் வரைபடத்தின் நகல்தான் வேண்டும். அதை இடத்துக்கே கொண்டுபோய் விரித்து, மனை எண், நான்கு பக்க அளவு, சாலை அகலம் மூன்றையும் ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் முப்பது அடி என்ற சாலை வரைபடத்தில் இருபத்து மூன்று அடியாக இருக்கக்கூடும். 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்பது இதுதான். வரைபடத்தில் பூங்காவாக இருக்கும் இடத்தில் கல் நட்டு, கடைசி மனை, விலை குறைவு என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. பத்திரமே பதிவானாலும் அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது.

500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவுகள் ரெராவில், அதாவது மனை, வீட்டு விற்பனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். அந்த இணையதளத்தில் திட்ட விவரங்களை நாமே பார்க்கலாம், செலவில்லை.

கட்டும்போது நடக்கும் தவறு ஒன்றும் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுத்து, இணையம் வழியாகவே அனுமதி வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் யாரும் வந்து பார்க்காமல் அனுமதி கிடைப்பதால், விதியே இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். விண்ணப்பத்தில் எழுதியது ஒன்று, கட்டியது ஒன்று என்றால், பொய்ச் சான்று கொடுத்த பொறுப்பு முழுக்க நம் தலையில்தான் விழும், மேஸ்திரி தலையில் இல்லை.