ஆம்ப் சேசிஸ் பைக் சைலன்சர் இல்ல மக்களே

குளச்சல் பக்கம் உப்புக்காத்து அடிக்கிற வீட்ல உக்காந்து வால்வு ஆம்ப், அதாவது பழைய ரேடியோல இருக்கிற மாதிரி கண்ணாடி வால்வு வச்ச ஆம்ப்ளிஃபயர் கட்டுற ஆளு நான். இதோட பாகமெல்லாம் மாட்டுற தகட்டுப் பெட்டிதான் சேசிஸ். மொத ஆம்ப்போட டிரான்ஸ்ஃபார்மர் மூடிக்கு ஆறு மாசத்துல மூணு தடவ பெயிண்ட் அடிச்சேன் பாத்துக்கிடுங்க. அதுல படிச்சதுதான் இது.

எல்லாரும் செய்ற மொத தப்பு, வால்வு சுடுதேன்னு ஹார்டுவேர் கடைல போய் "சூடு தாங்குற பெயிண்ட் குடுங்க"ன்னு கேக்கிறது. அவரு 600 டிகிரி தாங்கும்னு போட்ட சைலன்சர் ஸ்பிரே எடுத்து வைப்பாரு, நாமளும் 600ன்னா கொள்ளாமேன்னு வாங்கிட்டு வந்துருவோம். நானும் அதத்தான் அடிச்சேன், மேட் கறுப்புல பாக்க அம்சமா இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு விரல் நகம் பட்ட எடத்துல வெள்ளக் கோடு. சோல்டர் பிசுக்க எடுக்கலாம்னு தின்னர் தொட்ட துணியால ஒரு இழு இழுத்தேன், பெயிண்டே துணில வந்துருச்சு. டூப்ளிகேட் பெயிண்ட குடுத்துட்டாருன்னு கடைக்காரர்ட்ட போய் சத்தம் போட்டேன், அவரு பாவம்.

விஷயம் என்னன்னா அந்த பெயிண்ட் சிலிக்கோன் ரெசின்ல செஞ்சது. காத்துல காஞ்ச மாதிரி தெரியும், ஆனா உள்ள இறுகாது, 200 டிகிரி பக்கம் சூடு காட்டினாதான் இறுகும். பைக்ல மொத ஓட்டத்துலயே சைலன்சர் அந்த வேலைய முடிச்சிரும். நம்ம ஆம்ப்ல அவ்வளவு சூடு எங்க வருது? பவர் வால்வோட கண்ணாடி 200 தாண்டும், சரிதான், ஆனா கண்ணாடிக்கு நாம பெயிண்ட் அடிக்கப் போறதில்ல. சேசிஸ் தகடும் டிரான்ஸ்ஃபார்மர் மூடியும் பெரும்பாலும் 50ல இருந்து 70 டிகிரிக்குள்ளதான் நிக்கும். மூடில கைய வச்சு ரெண்டு மூணு செகண்ட் தாங்க முடிஞ்சா 60 பக்கம்தான்னு வச்சுக்கிடுங்க. மூடி 90, 100க்கு போகுதுன்னா பெயிண்ட மாத்தாண்டாம், பயாஸ, அதாவது வால்வுல எவ்வளவு கரண்ட் ஓடணும்ங்கிற செட்டிங்க செக் பண்ணுங்க.

சரி, சூடுதானே காட்டணும்னு நான் வீட்ல கேக் சுடுற கரண்ட் அடுப்பு ஓடிஜில வச்சேன், அது ரெண்டாவது தடவ. பெயிண்ட் இறுகிச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்த வருசம் கிறிஸ்துமஸ் கேக்க வாயில வச்ச எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. சாப்பாடு செய்ற அடுப்புல பெயிண்ட் வேகவைக்காதீங்க, அந்தப் புகை நல்லதில்ல.

அப்போ எதத்தான் அடிக்க? ஜன்னல் கிரில்லுக்கு பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் பொடிய ஒட்டவச்சு அடுப்புல உருக்குற வேலை செய்ற பட்டறை நாகர்கோவில் பக்கம் கிடைக்கும், அவங்கட்ட குடுக்கிறதுதான் என் கணக்குல நல்லது, ஏன்னா அவங்க 180, 200 டிகிரி அடுப்புல வச்சு எடுப்பாங்க, நமக்கு வேண்டிய சூட்டுக்கு அது தாராளம். ஆனா டிரான்ஸ்ஃபார்மர அப்படியே தூக்கிக் குடுத்துராதீங்க, உள்ள கம்பி சுத்தின பாபினும் இன்சுலேஷனும் போயிரும், மூடிய மட்டும் கழட்டிக் குடுங்க. பெயிண்ட் கனமா ஏறும், அதனால சாக்கெட் ஓட்டை இறுகிப்போகும், மரை அடைஞ்சிரும், மொதல்லயே மாஸ்க் பண்ணச் சொல்லணும். பவுடர் வேண்டாம்னா கார் டிங்கர் கடைல அடிக்கிற ரெண்டு பாகம் கலக்குற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் போதும். அதோட ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் எல்லாம் அதுக்கு காணாது. அதையும் டிங்கர்ட்டயே விட்டுருங்க.

வெள்ள கலர் கேக்கிறவங்களுக்கு ஒண்ணு. வெள்ளைக்கு போடுற டைட்டானியம் டை ஆக்சைடுக்கு சூட்டால ஒண்ணும் ஆகாது, நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல இருக்கிற இல்மனைட்ல இருந்து செய்ற பொருள்தான் அது. மஞ்சளாகிறது அதச் சுத்தி இருக்கிற ரெசின், சாதா எனாமல்ல சீக்கிரமே தெரியும். அப்புறம் கறுப்பு அடிச்சாதான் சூடு எறங்கும்னு ஒரு பேச்சு உண்டு. பாலிஷ் போட்ட அலுமினியத்த விட பெயிண்ட் அடிச்ச தகடு ஏறக்குறைய பத்து மடங்கு சூட்ட கதிரா வெளிய விடும், அது உண்மை, ஆனா இந்தச் சூட்டுல கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பெயிண்ட் உரியறதுக்கு பாதி காரணம் பிரைமர், அதாவது அடிப்பூச்சு சரியில்லாததுதான். அலுமினியத்துக்கு உலோகத்த லேசா அரிச்சுப் பிடிக்கிற எட்ச் பிரைமர் போடாம நேரா அடிச்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும். துத்தநாகம் பூசின ஜிஐ தகட்டுல சாதா எனாமல் அடிச்சா அதோட எண்ணெய் துத்தநாகத்தோட சேந்து சோப்பு மாதிரி ஆகி கழண்டுரும். இரும்புக்கு ரெட் ஆக்சைடு போதும், ஆனா நம்ம ஊர்ல ஒரு சள்ளை உண்டு, முட்டம் குளச்சல் பக்கம் ராத்திரி வெளிய வச்ச தகட்ட காலைல நாக்கால தொட்டா உப்பு கரிக்கும். அந்த உப்பு மேல பெயிண்ட் அடிச்சா உள்ளயே ஈரத்த இழுத்து கொப்புளம் போடும். நல்ல தண்ணில கழுவி, வெயில்ல காயவச்சு, உப்புத்தாள் போட்டு, தின்னர்ல துடைச்சு, அன்னைக்கே பிரைமர் அடிச்சிரணும், நாளைக்குன்னு வச்சா மஞ்சளா துரு எட்டிப்பாக்கும். ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழைன்னு இருக்கிற ஊரு இது, ஈரக்காத்துல சீக்கிரம் காயுற என்சி தின்னர் கலந்து அடிச்சா பால் ஊத்துன மாதிரி வெளுத்துப்போகும். காத்தாலை நிக்கிற ஆரல்வாய்மொழி பக்கம் உள்ளவன் வெளிய வச்சு ஸ்பிரே அடிச்சா பாதி பெயிண்ட் காத்தாடிக்குத்தான்.

இப்போ சொல்றது உசுரு சம்பந்தப்பட்டது. பெயிண்ட் கரண்ட கடத்தாது. சேசிஸ், மூடி எல்லாத்தையும் அழகா பெயிண்ட் அடிச்சு மாட்டினா ஒவ்வொண்ணும் எர்த் இல்லாம தனித்தனியா தொங்கும். உள்ள 350 வோல்ட் வைண்டிங் மூடில தட்டுச்சுன்னா மூடியே லைவ், தொட்டவன் கதி என்ன? எர்த்துக்குன்னு தனியா ஒரு போல்ட் விடுங்க, டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்ட அதுக்கு எடுக்காண்டாம். அது உக்காருற எடத்துல வட்டமா சுரண்டி பளபளன்னு உலோகம் தெரியணும், ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, இல்லன்னா உப்புக்காத்து அங்கதான் மொதல்ல கை வைக்கும். மூடி போல்ட்டுக்கு அடியிலயும் சுரண்டணும். பிறகு பிளக்கோட எர்த் பின்ல மீட்டரோட ஒரு முனை, இன்னொரு முனை ஒவ்வொரு உலோகத்துலயும், 1 ஓமுக்கு கீழ காட்டணும். சத்தம் கூட்டிக் குறைக்கிற வால்யூம் பாட் மாட்டுற எடத்தையும் சுரண்டுங்க, பெயிண்ட் அடிச்ச பிறகு ஸ்பீக்கர்ல புதுசா உர்ர்னு ஒரு ஹம் வந்தா பெரும்பாலும் அதுதான். அலுமினிய உடம்பு உள்ள பவர் ரெசிஸ்டர சேசிஸ்ல மாட்டுறவங்க அதுக்கு அடியிலயும் பெயிண்ட எடுத்துட்டு தெர்மல் பேஸ்ட் போடணும்.

கட்டி முடிச்ச ஆம்ப்புக்கு டச்சப் பண்றதா இருந்தா பிளக்க உருவினா மட்டும் போதாது, கெப்பாசிட்டர்ல 400 வோல்ட் ஒளிஞ்சு கெடக்கும், ரெசிஸ்டர் வச்சு எறக்கி மீட்டர்ல பாத்துட்டு கைய வைங்க. சூடா இருக்கிற வால்வு பக்கத்துல ஸ்பிரே டின்ன கொண்டே போகாதீங்க, அந்த கேஸ் பத்திக்கிடும்.

பெயிண்ட் காஞ்சு மொத தடவ ஆன் பண்றத வராந்தாவுல வச்சுக்கிடுங்க. ஒண்ணு ரெண்டு மணி நேரம் புதுப் பெயிண்ட் வாடை வரும், பயப்படாண்டாம். ஆனா கருகுன வார்னிஷ் மாதிரி, மூக்க அறுக்கிற வாடை வந்தா அது பெயிண்ட் இல்ல, டிரான்ஸ்ஃபார்மர். யோசிக்காம சுவிட்ச அமத்துங்க.