சாகாக்களைச் சான்றாக எடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஐஸ்லாந்தின் சாகாக்களை, அதாவது இடைக்கால உரைநடைக் கதைகளை, வைத்து வரலாறு எழுதத் தொடங்குபவர்கள் ஒரே நாலைந்து இடங்களில்தான் விழுகிறார்கள். முன்பு இந்த வேலைக்கு வந்தவர்கள் விழுந்ததும் அங்கேதான். பேய் எழுந்து வருவதையும் ஒருவன் தனியாக எட்டுப் பேரை வெட்டிச் சாய்ப்பதையும் நம்பாதீர்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதை யாரும் நம்புவதில்லை. நம்பும்படி இருக்கிற இடங்களில்தான் ஆபத்து.

எந்தக் காலத்துக்குச் சான்று?

ஐஸ்லாந்தின் பழைய குடும்பங்களைப் பற்றிய குடும்ப சாகாக்களின் கதை பெரும்பாலும் 930 முதல் 1030 வரையிலான காலத்தில் நடக்கிறது. அவை எழுதப்பட்டது 13, 14ஆம் நூற்றாண்டுகளில். இந்த இருநூறு, முந்நூறு ஆண்டு இடைவெளி எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேற்கோள் எடுக்கும்போது மறந்துபோகிறது. நியால் சாகா 1280 வாக்கில் எழுதப்பட்டது. அதில் வழக்காடும் முறை அத்தனை துல்லியமாக வருவதால், பத்தாம் நூற்றாண்டின் நீதிமன்றத்துக்கே போய்விட்டோம் என்று தோன்றும். அதே சாகா ஐந்தாம் நீதிமன்றம் (ஏற்கெனவே இருந்த நான்கு நீதிமன்றங்களுக்கு மேலாக அமைந்தது) கதைத்தலைவன் நியாலின் யோசனை என்றும், கிறிஸ்தவம் ஏற்கப்படுவதற்கு முன்பே அமைந்தது என்றும் சொல்கிறது. சாகாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1122க்கும் 1133க்கும் இடையில் ஐஸ்லாந்தின் சுருக்க வரலாறான ஈஸ்லென்டிங்கபோக்கை எழுதிய அரி தோர்கில்சன், அந்த நீதிமன்றத்தை அமைத்தவர் ஸ்காப்தி தோரோட்சன் என்கிறார். ஸ்காப்தி சட்டம் ஓதுபவராக, அதாவது பொதுச்சபையில் சட்டத்தை எடுத்துச் சொல்லும் தலைவராக, பதவியேற்றது 1004இல். கிறிஸ்தவம் ஏற்கப்பட்டதோ 999 அல்லது 1000இல். நியால் சாகாவின் சட்ட வாசகங்களை எடுத்தாளும் முன் இந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நூல் சொன்னால் இரண்டு சாட்சி ஆகாது

எங்களை இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இது. ஆய்வுக் கட்டுரைகளில்கூட வருகிறது. ‘இச்செய்தியை சாகா சொல்கிறது, லான்ட்நாமபோக்கும் உறுதிப்படுத்துகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியின் மேல் நாற்பது பக்கம் கட்டுவார்கள். அடிக்கல் ஒன்றுதான் என்று பிறகு தெரியவரும்போது நாற்பது பக்கமும் போகும்.

லான்ட்நாமபோக் என்பது ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய சுமார் 430 பேரின் பதிவேடு. அதன் முதல் வடிவம் நம்மிடம் இல்லை. கையில் இருக்கும் முழுமையான பழைய வடிவம் ஸ்துர்லுபோக். அதைத் தொகுத்த ஸ்தூர்லா தோர்தார்சன் (1214–1284) சாகாக்களைப் படித்தவர். எயிர்பிக்யா சாகா முதலியவற்றிலிருந்து செய்திகளை எடுத்துப் பதிவேட்டுக்குள் சேர்த்தவர். அடுத்தது ஹௌக்ஸ்போக். ஸ்தூர்லாவின் நூலையும் ஸ்தீர்மிர் என்பவரின் நூலையும் எதிரெதிரே வைத்து, எதில் அதிகம் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டதாக அதைத் தொகுத்த ஹௌக்ர் எர்லெண்ட்சனே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே ஸ்துர்லுபோக்கும் ஹௌக்ஸ்போக்கும் ஒத்துப்போனால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்தீர்மிரின் நூல் தொலைந்துவிட்டது. அதற்கு நெருக்கமானது என்று கருதப்படும் மேலபோக்கில் மிஞ்சியிருப்பவை இரண்டே தோல் ஏடுகள். அதன் மற்றப் பாடங்களை, 17ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து எழுதிய தோர்தார்போக்கிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும்.

இது ஒரு திசை: சாகாவிலிருந்து பதிவேட்டுக்கு. எதிர்த்திசையும் உண்டு. செந்தலை எய்ரிக் கிரீன்லாந்துக்குப் போன கதையைப் பாருங்கள். லான்ட்நாமபோக்கில் இருக்கிறது, எய்ரிக் சாகாவில் இருக்கிறது, கிரீன்லாந்தர் சாகாவின் தொடக்கத்திலும் இருக்கிறது. மூன்று சாட்சிகள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எய்ரிக் சாகாவின் முதல் அதிகாரங்கள் லான்ட்நாமபோக்கிலிருந்து ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவை. கிரீன்லாந்தர் சாகா இருப்பது 1387இல் எழுதத் தொடங்கிய ஃப்ளாடெயர்போக் என்ற பெருஞ்சுவடியில். அங்கும் எய்ரிக்கைப் பற்றிய தொடக்கப் பகுதி அதே ஊற்றிலிருந்து வந்ததுதான்.

இதிலும் ஓர் இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். எய்ரிக் குடியேறப் போன அந்தக் கோடையில் ஐஸ்லாந்திலிருந்து கிரீன்லாந்துக்குக் கிளம்பிய கப்பல்கள் லான்ட்நாமபோக்கில் 25, கிரீன்லாந்தர் சாகாவில் 35. போய்ச் சேர்ந்தவை இரண்டிலும் 14. ‘இரு வேறு மரபுகள்’ என்று இதற்கு விளக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. மூலத்தில் 25 என்பதை ‘அரை மூன்றாம் பத்து’ என்று எழுதியிருக்கிறார்கள்: இரண்டு பத்து முழுசு, மூன்றாவது பத்தில் பாதி. 35 என்பது ‘அரை நான்காம் பத்து’. மாறியிருப்பது ஒரே சொல். புறப்பட்ட இரு விரிகுடாக்களின் பெயர், போய்ச் சேர்ந்த எண்ணிக்கை, வாக்கியத்தின் அமைப்பு எல்லாம் ஒன்றே. லான்ட்நாமபோக் இந்த வாக்கியத்தை ‘அரி இப்படிச் சொல்கிறார்’ என்று தொடங்குகிறது. ஆக இங்கே சாட்சி ஒருவர்தான். நடுவில் யாரோ ஒரு சொல்லை மாற்றி எழுதியிருக்கிறார்.

சோதிக்கும் முறை கடினமானதல்ல, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பகுதிகளையும் மூலமொழியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் இந்த வேலை நடக்காது. ஒரே வரிசையில் வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். செய்தி ஒத்துப்போவதைவிட வரிசை ஒத்துப்போவதுதான் நகலைக் காட்டிக்கொடுக்கும். பிறகு, லான்ட்நாமபோக் என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த வடிவம் என்று குறியுங்கள். ஸ்துர்லுபோக்கிலும் ஹௌக்ஸ்போக்கிலும் இருந்து மேலபோக் வழியில் இல்லாத விவரம் என்றால், ஸ்தூர்லா சாகாவிலிருந்து சேர்த்ததாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு தொடங்குங்கள்.

இரண்டு நூல்கள் முரண்படும் இடம் கிடைத்தால் மகிழுங்கள். ஹ்ராஃப்ன்கெல் கதையில், கனவில் எச்சரிக்கை பெற்று இடம் மாறியவர் லான்ட்நாமபோக்கின்படி ஹ்ராஃப்ன்கெல்தான். அவர் விட்டுவந்த இடத்தில் விழுந்த மண்சரிவில் சிக்கியவை ஒரு பன்றியும் ஒரு காளையும். சாகாவில் கனவு கண்டவர் அவருடைய தகப்பனார். செத்தவை ஒரு பன்றியும் ஒரு வெள்ளாட்டுக் கடாவும். தகப்பனாரின் பெயரே இரண்டிலும் வேறு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியிருந்தால் இப்படி வராது. ஒரு பழைய பேச்சு இரண்டு வழியாக இறங்கி வந்திருக்கிறது என்று இங்கேதான் துணிந்து சொல்லலாம்.

நூறு என்றால் 120

மூலத்தில் ‘நூறு’ என்று வந்தால் பெரும்பாலும் 120. படைக்கணக்கிலும் துணியை முழம் முழமாக எண்ணும் கணக்கிலும் இதைப் பார்க்காமல் கூட்டாதீர்கள்.

பாட்டு வந்தால் பழசு என்ற நம்பிக்கை

அரசவைப் புகழ்ப்பாடல்களைத் தாம் நம்புவதற்கு 13ஆம் நூற்றாண்டில் அரசர் வரலாறு எழுதிய ஸ்னோர்ரி ஸ்துர்லுசன் காரணம் சொல்கிறார்: அரசனின் முகத்துக்கு நேரே அவன் செய்யாததைப் பாடினால் அது புகழாகாது, ஏளனமாகும். நல்ல வாதம். ஆனால் அது சபையில் பாடிய பாட்டுக்குத்தான் பொருந்தும். குடும்ப சாகாவில் ஒருவன் பண்ணை வாசலில் நின்று சொல்லும் நாலடிக்கு அந்தச் சபை கிடையாது. சாகா எழுதியவரே இயற்றி அவன் வாயில் வைத்திருக்கலாம். யாப்பைப் பாருங்கள். அடிக்கு ஆறு அசை, இரட்டை அடிகளில் முழு உள்ளியைபு, அதாவது ஒரே அடிக்குள் இரண்டு அசைகள் ஒத்தொலிப்பது. ‘அ’ ஒலியும் இதழ் குவித்த அதன் இணையொலியும் இயைபாக வருவது 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களிடம் இயல்பு. 13ஆம் நூற்றாண்டில் அருகிவிட்டது. எழுத்தை நகலெடுப்பவர் தன் காலத்துக்கு மாற்றிவிடுவார். இயைபை மாற்ற முடியாது.

சமகால சாகா நடுநிலையானது என்று எண்ணுவது

12, 13ஆம் நூற்றாண்டுச் சண்டைகளைச் சொல்லும் ஸ்துர்லுங்க சாகா, நடந்து சில பத்தாண்டுகளுக்குள் எழுதப்பட்டவற்றின் தொகுப்பு. அதன் பெரும்பகுதியை எழுதியவர் மேலே வந்த அதே ஸ்தூர்லா. 1253 அக்டோபர் 22 அன்று ஃப்ளூகுமீரி என்ற பண்ணையில் தலைவர் கிஸுர் தோர்வல்ட்சனின் வீடு கொளுத்தப்பட்டது. பகைவர் இரு தரப்பையும் இணைக்க நடந்த திருமணத்தின் விருந்து அப்போதுதான் முடிந்திருந்தது. மணமகன் கிஸுரின் மகன். மணமகள் ஸ்தூர்லாவின் மகள் இங்கிபியோர்க், வயது 13. ஸ்தூர்லா கிளம்பிப் போயிருந்தார். மகள் தப்பினாள், மருமகன் இறந்தான்.

கிஸுர் தப்பியது புளித்த தயிர்த்தெளிவு நிறைந்த தொட்டிக்குள் அமிழ்ந்திருந்து. குளிரில் அவர் நடுங்கிய நடுக்கத்தில் தொட்டியிலிருந்த நீர் தளும்பியது. தேடி வந்தவர்கள் அந்த அறைக்குள் நுழைந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுதுகிறார் ஸ்தூர்லா. இது யாருக்குத் தெரிந்திருக்க முடியும்? தொட்டிக்குள் இருந்தவருக்கு மட்டும். ஒவ்வொரு காட்சியிலும் இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலாக வரும் பெயரை ஓரத்தில் எழுதுங்கள். யார் பக்கத்துக் கதையைப் படிக்கிறோம் என்று பத்துப் பக்கத்தில் புலப்பட்டுவிடும்.

1300 வாக்கில் இதையெல்லாம் ஒன்றாக்கிய தொகுப்பாளர், தனித்தனி சாகாக்களை வெட்டிக் கால வரிசையில் கோத்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். ஹ்ராஃப்ன் ஸ்வெய்ன்பியார்னர்சனின் சாகா தனியாகவும் கிடைக்கிறது. அவருடைய வைத்தியத்தையும் யாத்திரையையும் பற்றிய பகுதி அதில்தான் இருக்கிறது.

பக்க எண்ணை மட்டும் தராதீர்கள்

சுவடியின் பெயரையும் தாருங்கள்.

‘எல்லாம் கற்பனை’ என்று தூக்கி எறிவது

மேலே உள்ளதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு வரும் தவறு இது. கோழி தோரிரின் சாகாவில் ப்ளுண்ட் கெட்டில் வீட்டோடு எரிக்கப்படுகிறார். எரிக்கப்பட்டவர் அவர் மகன் தோர்கெல் என்கிறார் அரி. ஒரு தலைமுறையே தவறிவிட்டதால் சாகா உதவாது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். 10ஆம் நூற்றாண்டுக்கு உதவாமல் போகலாம். ஆனால் சண்டை எதனால் வந்தது என்று பாருங்கள். கடும் குளிர்காலம், உலர்புல் பஞ்சம், கையில் மிகுதி வைத்திருக்கும் தோரிர் விலைக்கும் தர மறுக்கிறான். கெட்டில் விலையை வைத்துவிட்டுப் புல்லை எடுத்துக்கொள்கிறார். அதற்கு முன், தோரிரின் கால்நடைகளுக்குக் கோடையில் ஆல்திங்கு என்ற நாட்டுப் பொதுச்சபை கூடும் வரை போதுமானது மிஞ்சுமா என்று கணக்கும் பார்க்கிறார். 1281இல் வந்த யோன்ஸ்போக் சட்டத்தில், மிகுதிப் புல் வைத்திருப்பவர் தேவைப்படுவோருக்கு விற்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. சாகா அந்த விவாதத்துக்குள் நின்று எழுதப்பட்டது என்ற வாதம் நூறாண்டுக்கு மேலாக உண்டு. அந்தக் கணக்கு வரும் பக்கத்தையும் சட்டத்தின் அந்தப் பிரிவையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.