கோடு எடிட்டரில் தமிழ் உடைந்து தெரிகிறதா? ஃபாண்டில் கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சம்பளச் சீட்டு மென்பொருள் எழுதுகிறவர், ஈரோட்டு மஞ்சள் ஏல விலையைக் காட்ட ஆப் செய்கிற கல்லூரி மாணவி, கோவை சரவணம்பட்டியில் பகலெல்லாம் வெளிநாட்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் குலதெய்வக் கோவில் வெப்சைட்டைக் கவனிக்கிற தம்பி. இந்த மூன்று பேருக்கும் என்றைக்காவது ஒரு நாள் இது வந்தே தீரும். எடிட்டரைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். இல்லையென்றால் ஏதோ குப்பை எழுத்து வரும். உடனே "ஃபாண்டு போச்சுங்க" என்று செட்டிங்ஸைத் திறப்பார்கள்.

பல நேரம் ஃபாண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. எழுத்து தப்பாகத் தெரிவதால் மட்டும் ஃபைல் கெடுவதில்லை. அதைச் சரிசெய்கிற அவசரத்தில் நாம் அழுத்துகிற சேவ் பட்டன்தான் கெடுக்கிறது. இதை எழுதுவதற்கே காரணம் அதுதான்.

என்ன தெரிகிறது என்று பார்க்காமலே மாற்றத் தொடங்குவது

உடைந்த எழுத்து நான்கு விதமாகத் தெரியும். நான்குக்கும் காரணம் வேறு வேறு.

வெறும் கட்டமாக வந்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது, அந்த எழுத்தின் வடிவம் ஃபாண்டில் இல்லை என்று பொருள். ஃபாண்டை மாற்றித் தீர்கிற சிக்கல் இது ஒன்றுதான்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறி, பிறகு இன்னொரு குறி என்று திரும்பத் திரும்ப வந்தால் அது என்கோடிங், அதாவது எழுத்தை பைட்டுகளாக எழுதி வைக்கும் முறையில் வந்த சிக்கல். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். அந்த மூன்றையும் ஒரே எழுத்தாகப் படிக்காமல், விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்திய அட்டவணையை வைத்துத் தனித்தனியாகப் படித்தால் இந்தக் குப்பை வரும். ஃபைல் இன்னும் கெடவில்லை.

கேள்விக்குறியில் இரண்டு வகை உண்டு. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், படிக்கும்போது எடிட்டருக்குப் பைட்டுகள் புரியவில்லை. சேவ் செய்யாதவரை பிழைத்தீர்கள். சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், யாரோ தமிழுக்கு இடமில்லாத என்கோடிங்கில் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். எழுத்து போயே போய்விட்டது. எந்த ஃபாண்டாலும் அது திரும்பாது, பேக்கப்பைத் தேடுங்கள்.

நான்காவது வகையில் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டத்தின் மேல் உயிர்க்குறி தொங்கும். எழுத்துகளைச் சேர்த்து வரைகிற வேலை அங்கே நடக்கவில்லை, அல்லது தட்டச்சில் குறியின் வரிசை தப்பு.

சந்தேகம் இருந்தால் அந்த வரியைக் காப்பி செய்து பிரவுசரில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் சிக்கல் எடிட்டரின் ஃபாண்டில். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? எழுத்தின் எண்ணைச் சொல்லும் பைத்தானின் 'ஆர்ட்' (ord) ஃபங்ஷனில் ஓர் எழுத்தைக் கொடுங்கள். 'க' என்றால் 2965 வர வேண்டும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் தமிழுக்கான இடம் 2944 முதல் 3071 வரை. எண் அதற்குள் இருந்தால் கையில் இருப்பது உண்மையான தமிழ், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

குப்பையாகத் தெரியும்போதே சேவ் செய்வது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. விஎஸ் கோடில் வலது கீழ் ஓரத்தில் 'யுடிஎஃப்-8' என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டால் இரண்டு வழி கேட்கும்: 'ரீஓப்பன் வித் என்கோடிங்', 'சேவ் வித் என்கோடிங்'. முதலாவது அதே பைட்டுகளை வேறு அட்டவணையை வைத்துத் திரும்பப் படிக்கும், ஃபைலைத் தொடாது. இரண்டாவது திரையில் இப்போது என்ன தெரிகிறதோ அதையே உண்மை என்று வைத்துப் புதிதாக எழுதிவிடும். திரையில் குப்பை இருந்தால் எழுதப்படுவதும் குப்பைதான். நோட்பேட் பிளஸ் பிளஸிலும் இதே கதை. என்கோடிங் மெனுவின் மேல் பகுதி படிக்கும் முறையை மாற்றும், கீழே 'கன்வெர்ட் டு' என்று தொடங்குபவை பைட்டுகளையே மாற்றும்.

தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கிறது என்று ஒரே எழுத்தில் பார்க்கலாம். 'க' 3 பைட். அதை மூன்று மேற்கத்தியக் குறிகளாகப் படித்து, மறுபடி யுடிஎஃப்-8 ஆக எழுதினால் 7 பைட். ஃபைல் திடீரென்று இரு மடங்குக்கு மேல் ஊதிவிட்டது என்றால் இப்படி நடந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தலைகீழாகச் செய்து மீட்கலாம்தான், ஆனால் முழுதாக மீளும் என்று நம்பி இருக்கக் கூடாது. விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. அதில் இரண்டு, நம் மெய்ப்புள்ளியின் கடைசி பைட்டும் உகரக் குறியின் கடைசி பைட்டும் விழுகிற இடங்கள். 'ஏ', 'ஐ' ஆகிய எழுத்துகளுக்கும் அதே கதிதான். சில மென்பொருள்கள் அந்த பைட்டை அப்படியே கடத்திவிடும், சில அங்கே வேறு குறியைப் போட்டுவிடும். அப்படிப் போட்டுவிட்டால் 'பெருந்துறை' என்ற ஊர்ப்பெயரில் உகரமும் புள்ளியும் போய் மற்றவை மட்டும் திரும்பி வரும். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை சொற்களை எழுத முடியும்? ஆகவே, குப்பை தெரிந்தால் சேவ் செய்யாமல் மூடுங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நகலில் சோதனை செய்யுங்கள்.

இந்தத் தவறு எடிட்டருக்கு வெளியிலும் நடக்கும். நீங்கள் யுடிஎஃப்-8 சிஎஸ்வி கொடுப்பீர்கள், அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர் எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறப்பார், தொழிலாளி பெயரெல்லாம் குப்பையாகத் தெரியும், ஒரு தொகையை மட்டும் திருத்தி சேவ் செய்து திருப்பி அனுப்புவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எக்செலுக்குப் போகும் ஃபைலை 'யுடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று சேவ் செய்து கொடுங்கள் (பிஓஎம் என்பது ஃபைலின் தொடக்கத்தில் நிற்கும் அடையாள பைட்டுகள்), அல்லது டேட்டா மெனு வழியாக 65001 என்ற எண்ணுள்ள யுடிஎஃப்-8 என்கோடிங்கைத் தேர்ந்தெடுத்துத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். அதற்காக எல்லா ஃபைலுக்கும் பிஓஎம் போட்டுவிடாதீர்கள். லினக்ஸ் ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரி அதனால் அடையாளம் தெரியாமல் போகும், பிஎச்பியில் ஹெடர் பிழை வரும்.

பைத்தானில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கைக் குறிப்பிடாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். லினக்ஸில் ஓடும், விண்டோஸில் 'சார்மேப்' பிழை வரும்.

அச்சகத்து ஃபாண்டை எடிட்டருக்குக் கொண்டு வருவது

கோபியிலோ பவானியிலோ நாமக்கல்லிலோ ஒரு டிடிபி கடைக்காரரிடம் கும்பாபிஷேக அழைப்பிதழின் வாசகத்தை வாங்கி எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வரும். அது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய ஃபாண்டில் அடித்தது. அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண். அதன் மேல் தமிழ் வடிவம் வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஃபாண்டையே நிறுவி எடிட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். வாசகம் தமிழாகத் தெரியும்போது உங்கள் நிரலின் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். வெப்சைட்டுக்கு வருகிறவரின் போனில் அந்த ஃபாண்ட் இருக்காது. தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியாலோ, ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தாலோ யூனிகோடுக்கு மாற்றிய பிறகே எடிட்டருக்குள் விடுங்கள். மாற்றியதை ஒருமுறை முழுதாகப் படித்தும் பாருங்கள்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற தமிழ் என்கோடிங் தரங்கள் வந்தன. இணையத்தில் திஸ்கி என்ற இன்னொரு தமிழ் என்கோடிங் ஓடியது. கடைசியில் 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ் என்கோடிங்கையும் தரமாகத் தமிழக அரசு அறிவித்தது. நம் ஊரில் மாநாடு நடந்தபோதே முடிவான விஷயம் நம் ஊர் அச்சகங்களுக்குள் முழுதாகப் போகாதது வருத்தம்தான். ஆனால் அச்சகங்களின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு ஓடாது, அதை நம்பித் தொழில் செய்கிறவர் உடனே மாற முடியாது என்பதும் உண்மை. திஸ்கியிலோ டாபிலோ சேமித்த பழைய ஃபைலை யுடிஎஃப்-8 என்று திறந்தால் மேலே சொன்ன வைரக் கேள்விக்குறிகள்தான் வரும். சேவ் செய்துவிடாதீர்கள்.

நிஜமாகவே ஃபாண்ட் சிக்கல் என்றால்

விண்டோஸில் விஎஸ் கோடு முதலில் எடுப்பது கன்சோலாஸ் ஃபாண்டை. அதில் தமிழ் கிடையாது. விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ என்ற ஃபாண்ட் பின்னாலிருந்து கைகொடுப்பதால்தான் தமிழ் தெரிகிறது. இது தெரியாமல் கன்சோலாஸை அழித்துவிட்டு லதா என்ற தமிழ் ஃபாண்டை மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. லதாவில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். அதனால் நிரலின் வரிசை கலைந்து, வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாமல் போகும். அதோடு, விண்டோஸ் 10இல் லதா தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கூடுதல் ஃபாண்டாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை அப்படியே கொண்டு வந்தால் புதியதில் அந்தப் பெயருக்கு ஆளிருக்காது.

'எடிட்டர் ஃபாண்ட் ஃபேமிலி'யில் சமஅகல ஆங்கில ஃபாண்ட் முதலில், அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யுஐ, கடைசியில் மோனோஸ்பேஸ் என்று கமா போட்டு எழுதுங்கள். வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியும் இருக்கிற சம்பளச் சீட்டு என்றால் நோட்டோ சான்ஸ் தேவநாகரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்மலா யுஐயில் இரண்டுமே உண்டு. எழுத வேண்டியது ஃபாண்ட் குடும்பத்தின் பெயரை, டவுன்லோடு செய்த ஃபைலின் பெயரை அல்ல. பெயருக்குள் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். நிறுவிய பிறகு எடிட்டரின் எல்லா ஜன்னலையும் மூடித் திறங்கள்.

சர்வரில் இருக்கும் ஃபைலை எஸ்எஸ்எச் வழியாக எடிட்டரில் திறந்துவிட்டு, சர்வரில் ஃபாண்ட் நிறுவுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்தை வரைவது உங்கள் மடிக்கணினி. ஃபாண்ட் இங்கேதான் இருக்க வேண்டும்.

'கி', 'கூ' போன்றவற்றின் மேலும் கீழும் வெட்டுப்பட்டால் ஃபாண்டை மாற்ற வேண்டாம், வரி உயரத்தை 1.6 அளவுக்கு ஏற்றுங்கள். தமிழ் கலந்த வரியில் கர்சர் தள்ளி நின்றால் 'டிசேபிள் மோனோஸ்பேஸ் ஆப்டிமைசேஷன்ஸ்' என்ற செட்டிங்கை இயக்கிப் பாருங்கள். தமிழ்க் குறிப்புகளை ஸ்பேஸ் தட்டித் தட்டி நேர்வரிசையாக்குவது மட்டும் வீண் வேலை. அடுத்தவர் கம்ப்யூட்டரில் அது கலைந்துதான் தெரியும்.

டெர்மினலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

டெர்மினலுக்கு ஃபாண்ட் செட்டிங் தனி. அதைச் சரிசெய்தாலும் தமிழ் அங்கே ஒழுங்காக வராமல் போகலாம். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று இடம் பிரித்து வரைகிற அமைப்பு அது. ஒற்றைக்கொம்பும் மெய்யும் சேர்ந்து நிற்க அங்கே வசதி குறைவு. கமாண்ட் பிராம்ப்டில் 65001 என்று மாற்றினால் என்கோடிங்தான் சரியாகும், எழுத்துச் சேர்க்கை சரியாகாது. டெர்மினலில் உடைந்து வந்ததை வைத்து நல்ல தரவைத் 'திருத்த' ஆரம்பிக்காதீர்கள். வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதி எடிட்டரில் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரியாகத் தெரிகிறது என்று விட்டுவிடுவது

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற தப்பு இன்னும் தொல்லை. 'கௌரவம்' என்பதை ஒற்றைக்கொம்பு, பிறகு 'ள' என்று அடித்து 'கெளரவம்' ஆக்கியிருப்பார்கள். பல ஃபாண்டில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. 'கொ' எழுத்தின் உயிர்க்குறி 3018 என்ற ஒரே குறியாகவும் இருக்கலாம், 3014, 3006 என்று இரண்டாகவும் இருக்கலாம். பின்னதை என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கம் ஒன்றாக்கிவிடும். 'கெள' பிழையை அது தொடாது, ஏனென்றால் 'ள' தனி எழுத்து.

நம் பக்கத்தில் அதிகம் கடிப்பது 'ஸ்ரீ'. கடை, மில், டெக்ஸ் என்று பாதிப் பெயர்கள் அதில்தான் தொடங்குகின்றன. அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பல ஃபாண்டுகளில் இரண்டும் ஒரே வடிவம். என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்காது. பில்லிங் மென்பொருளில் ஒரே கடை இரண்டு வாடிக்கையாளராகப் பதிவாகி, பாக்கி இரண்டு பக்கம் பிரிந்து நிற்கும். தரவுத்தளத்தில் சேர்ப்பதற்கு முன்பே 'ஶ்ரீ' வந்தால் 'ஸ்ரீ' ஆக மாற்றும் ஒரு வரியை நீங்களே எழுதிவிடுங்கள். பெயரைத் தேடும் இடத்திலும் அதே வரி ஓட வேண்டும்.