டிடெக்டர் கத்தினால் மட்டும் போதாது

கண்ணிவெடி அகற்றப் புதிதாக வருகிற பிள்ளைகள், உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டரை ஓர் ஆணிக்கு மேல் காட்டுவார்கள். அது கத்தியதும் "சரி, வேலை செய்யுது" என்பார்கள். கருவிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. இந்த மண்ணில், தளத்துக்கு விதித்த ஆழத்தில், பிடிக்க மிகக் கடினமான பொருளை அது பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இலங்கையின் வடக்கே, பழைய போர்முனையான முகமாலையில் வேலை என்றால் முகமாலை மண்ணிலேயே சோதியுங்கள். துப்புரவாக்கிய பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தைச் சலித்து, சன்னம், எறிகணைச் சிதறல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு அதிகம். மண்ணே சத்தம் தரும். கடல்நீரேரி ஓரத்து ஈர உப்பு மணல் வேறு விதமாகக் குழப்பும். மண் மாறினால், மண்ணின் சத்தம் அடங்கும்படி கருவியை மீண்டும் சமப்படுத்த வேண்டும். கைக்கடிகாரம், வளையல், போன் எல்லாம் முதலிலேயே கழற்றி வைக்கவும். வளையலுக்கு எப்போதும் ஒரு சண்டை நடக்கும்.

இலக்காக, வெடிமருந்து இல்லாத மிதிவெடி மாதிரியைப் புதையுங்கள். பீ-4 போன்ற பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் துளிதான். அந்த அளவு உலோகமே மாதிரியிலும் இருக்க வேண்டும். மோட்டார் எறிகணையை வைத்துச் சோதித்துவிட்டு மிதிவெடி தேடப் போகாதீர்கள், அதை எந்தக் கருவியும் பிடிக்கும்.

அப்புறம் முக்கியமான வேலை. மாதிரியை நான்கு பக்கமிருந்தும் மெதுவாக நெருங்கி, சத்தம் தொடங்கும் இடங்களில் குச்சி குத்துங்கள். குச்சிகளுக்கு நடுவில் உள்ளதுதான் அந்த ஆழத்தில் கருவிக்குத் தெரியும் அகலம். மாதிரியை மேலாகப் புதைத்தால் அந்த அகலம் விரியும், ஆழம் போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். விதித்த ஆழத்தில் கிடைக்கும் குறுகிய அகலத்தை வைத்தே ஒவ்வொரு வீச்சுக்கும் எவ்வளவு முன்னேறலாம் என்று முடிவெடுங்கள். கருவியின் நுனியில் உள்ள தேடல் தட்டின் அகலத்தை நம்பி அடி வைப்பவர், நடுவே தேடாத கீற்றுகளை விட்டுப் போகிறார்.

அதே மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு வெற்று எறிகணைக் கோதைப் புதைத்து மறுபடி பாருங்கள். பெரியதின் சத்தம் சின்னதை விழுங்கிவிடும். எவ்வளவு தள்ளி வைத்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறது என்று அளந்து குறித்துவையுங்கள். பழைய முன்னரங்குகளில் இது நிறையவே உதவும்.

ஆளையும் சோதிக்க வேண்டும். வேறொருவர் புதைக்க, இடம் தெரியாதவர் தேடட்டும். தவறவிட்டதையும் சும்மா தோண்டியதையும் தனித்தனியாக எழுதுங்கள்.

பற்றரி மாற்றினாலும், மழை பெய்தாலும், இடைவேளை முடிந்து வந்தாலும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தோற்றால் கருவி வெளியே. அது கடைசியாகத் தேறிய நேரத்திலிருந்து தேடிய நிலம் முழுவதையும் வேறு கருவியால் மறுபடி தேட வேண்டும், எத்தனை பேர் முணுமுணுத்தாலும்.