மெது ஷட்டரில் அரூபப் படங்கள்: கேமராவை அசைப்பதும் படத்தை வெட்டுவதும்

கேமராவை அசைத்து எடுத்த படமெல்லாம் அரூபப் படம் ஆகிவிடாது. ஒரு தோப்பை அரை விநாடி ஷட்டரில் மேலும் கீழும் இழுத்து எடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது கலங்கிய தோப்புதான். தரை எது, மட்டை எது, வானம் எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சொல்லிவிட்ட பிறகு அந்தப் படத்தில் நின்று பார்க்க ஒன்றும் இருக்காது. அதே படத்தில் தரையையும் மட்டையையும் வெட்டி எறிந்து, தண்டுகள் மட்டும் சாம்பலும் பச்சையுமாக ஓடும் நடுத்துண்டை எடுத்துப் பாருங்கள், அது வேறு படம். இந்த வேலையில் பாதி ஷட்டரில், மீதி க்ராப்பில், அதாவது வெட்டுவதில். எடுக்கும்போதே எதை வெட்டப்போகிறோம் என்று யோசிப்பவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும்.

எதை எடுத்தால் தேறும்

ஷட்டர் திறந்திருக்கும்போது வெளிச்சமான பகுதி இருட்டான பகுதியின் மேல் ஏறி எழுதிவிடும். இருட்டால் வெளிச்சத்தை அழிக்க முடியாது. இது மனதில் பதிந்தால் பாதிச் சொதப்பல் குறையும். வெள்ளை வானத்துக்கு முன்னால் நிற்கும் ஒல்லியான மரத்தைப் பக்கவாட்டில் இழுத்து எடுத்தால் மரமே காணாமல் போகும். அதே மரம் இருண்ட புதருக்கு முன்னால், பக்கத்திலிருந்து வெயில் வாங்கிக்கொண்டு நின்றால் பளிச்சென்று தடம் பதியும். அதனால் முதலில் தேட வேண்டியது இருண்ட பின்னணி, அதற்கு முன்னால் வெளிச்சம் பட்ட பொருள்.

அடுத்தது நிறம். எல்லா நிறமும் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கும் இடம், உதாரணத்துக்குத் திருவிழாக் கூட்டம், நேரில் கண்ணைப் பறிக்கும். இழுத்து எடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமாகிவிடும். இரண்டு மூன்று நிறங்கள் பட்டை பட்டையாக இருக்கும் காட்சிதான் நிற்கும்: பூ மார்க்கெட்டில் ஒரு குவியல் மஞ்சள் சாமந்தி, அதை ஒட்டி ஒரு குவியல் சிவப்பு, நெல் வயலும் அதற்கு மேல் செம்மண் வரப்பும், நீலச் சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் குடங்கள். கண்ணை நன்றாகச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் நிறங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் எடுக்கலாம்.

மரங்களில் பழகுவது எளிது, ஆனால் எல்லா மரமும் ஒன்றல்ல. தென்னை வளைந்து சாயும். நேர் செங்குத்தாக இழுத்தால் அதன் தண்டு தடித்து, ஓரம் கரைந்து, இரட்டையாகத் தெரியும். பனை நேராக நிற்பதால் கோடு சுத்தமாக விழும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்துப் பைன், யூகலிப்டஸ் தோப்புகளும் அப்படியே. எங்களைக் கேட்டால் பாக்குத் தோப்புக்குத்தான் முதலிடம். தண்டு ஒல்லி, நேர், வெளிர் நிறம். நெருக்கமாக நட்டிருப்பதால் இடையில் வானம் எட்டிப்பார்ப்பது குறைவு. உள்ளே நிழல் அடர்த்தி என்பதால் ஒளியைக் குறைக்கும் ஃபில்டரும் வேண்டியதில்லை.

கேமராவில் மாற்ற வேண்டியவை

ஷட்டர் முன்னுரிமை முறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் நேரத்தை நீங்கள் வைக்க, லென்ஸின் துளையைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேனனில் டிவி (Tv), நிக்கானிலும் சோனியிலும் எஸ் (S) என்று இருக்கும். ஆட்டோ ஐஎஸ்ஓவை (ஒளி உணர்வு அளவைக் கேமராவே மாற்றுவதை) அணைத்து 100-இல் நிறுத்துங்கள். ஃபைல் ரா, அதாவது கேமரா பதப்படுத்தாத மூல வடிவம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் மைனஸ் 2/3. இலை இடுக்கில் தெரியும் ஒரு துளி வானம்கூட இழுபட்டு வெள்ளைப் பட்டையாகிவிடும் என்பதால் இந்தக் குறைப்பு தேவை.

எத்தனை விநாடி? கையில் பிடித்துக்கொண்டு இழுப்பதற்கு 1/4-இல் தொடங்குங்கள். 1/15-க்கு மேல் வேகமாகப் போனால், மிக விரைவாக இழுத்தாலொழிய, கை நடுங்கிய படம் மாதிரி இருக்கும். ஒரு விநாடியைத் தாண்டினால் கை ஒரே சீராக நகராது, கோடுகள் நெளியும்.

எஃப் எண் என்பது லென்ஸின் துளை (அபெர்ச்சர்) அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் சரியான ஷட்டர் 1/125 அளவில் இருக்கும். அங்கிருந்து 1/4-க்கு வர 5 ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் ஒளியைப் பாதியாக்குவது. என்டி என்பது லென்ஸின் முன்னால் மாட்டும், ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி. என்டி 8 ஃபில்டர் 3 ஸ்டாப் குறைக்கும். எஃப்/16-இல் 1/15 வரைதான் இறங்கும். என்டி 64 குறைப்பது 6 ஸ்டாப். அதைப் போட்டால் எஃப்/11-இலேயே 1/4 கிடைக்கும். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்குவதாக இருந்தால் என்டி 64 வாங்குங்கள். என்டி 1000 குறைப்பது 10 ஸ்டாப். வெயிலில் எஃப்/8-க்கு 2 விநாடி வரும், அது ட்ரைபாட் வேலை. திருகித் திருகி அடர்த்தி மாற்றும் வகை ஃபில்டர் வசதிதான். ஆனால் வைட் லென்ஸில் அதன் கடைசி அளவுக்குப் போனால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கருநிழல் விழும்.

ஃபில்டர் இல்லையென்றாலும் வேலை நிற்காது. அடர்ந்த மேகமூட்டத்தில் எஃப்/22 வைத்தால் 1/8 வரும். தோப்பின் நிழலில் எஃப்/16-க்கே 1/4 வந்துவிடும். எஃப்/22-இல் படம் கொஞ்சம் மழுங்கும் என்று சொல்வார்கள். இங்கே அது பொருட்டே இல்லை. பொருட்படுத்த வேண்டியது சென்சாரில் உள்ள தூசி. கேமரா நகரும்போது காட்சி முழுவதும் இழுபடும். தூசி சென்சாரிலேயே ஒட்டிக்கொண்டு கேமராவோடு சேர்ந்து நகர்வதால் அது மட்டும் இழுபடாது. வழுவழுப்பான கோடுகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளி துல்லியமாக உட்கார்ந்திருக்கும். கிளம்புவதற்கு முன் சென்சாரை ப்ளோயரால் ஊதிவிடுங்கள்.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், லென்ஸில் இருப்பதையும் பாடியில் இருப்பதையும். நீங்கள் இழுக்கும் அசைவை அது நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் தள்ளும். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் கோடு நின்றுபோய், பிறகு திடீரென ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

எப்படியும் கலங்கத்தானே போகிறது, ஃபோகஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். செங்குத்தாக இழுக்கும்போது கலங்குவது மேல்கீழ்த் திசையில் மட்டும்தான். தண்டின் இடது, வலது ஓரங்கள் கூர்மையாக இருப்பதும் மழுங்கிப்போவதும் ஃபோகஸைப் பொறுத்தது. ஆட்டோவில் ஒருமுறை ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். 10 ஸ்டாப் ஃபில்டர் என்றால் ஃபோகஸ் முடித்த பிறகே அதை மாட்டுங்கள்.

அசைக்கும் முறை

ஷட்டரை அழுத்திவிட்டு அசைக்கத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த முதல் நொடித்துளியில் கேமரா நின்றுகொண்டிருக்கும். அதனால் படத்தில் நிஜ மரம் ஒன்று மங்கலாகத் தெரியும், அதன் மேல் கோடுகளும் ஓடும். முதலில் நகர்த்துங்கள், வேகம் சீரானதும் அழுத்துங்கள், ஷட்டர் மூடிய பிறகும் சிறிது தூரம் நகர்த்திவிட்டு நிறுத்துங்கள்.

பாக்குத் தோப்பில் இப்படிச் செய்யலாம். 70 மி.மீ. லென்ஸ், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கால்களை அகட்டி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மணிக்கட்டை வளைக்காமல் இடுப்பிலிருந்து நிமிருங்கள். தண்டின் கீழ்ப்பாதியில் தொடங்கி, மட்டை ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன் ஷட்டர் மூடிவிட வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஃப்ரேமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நகர்ந்தால் போதும். அதற்குக் குறைந்தால் பட்டையின் வளையங்கள் அடையாளம் காட்டும். மிகவும் கூடினால் தரையும் வானமும் கலந்து எல்லாம் வெளுக்கும். பர்ஸ்டில் (தொடர்ந்து படமெடுக்கும் முறையில்) போட்டு ஒரே அசைவில் மூன்று நான்கு எடுங்கள். நூறு எடுத்து இரண்டு மூன்று தேறினால் நல்ல அறுவடை.

கடலுக்குப் பக்கவாட்டு அசைவு. மெரினா போலக் கிழக்கு பார்த்த கரையில் சூரியன் எழுவதற்கு முந்தைய அரை மணி நேரம் சரியாக இருக்கும். ஃபில்டர் இல்லாமலே 1/4, 1/2 எல்லாம் வரும். அலை உடைந்து நுரை பரவும் தருணத்தில் இழுத்தால் வெள்ளைப் பட்டையும் சாம்பல் பட்டையும் மாறி மாறி விழும். ட்ரைபாடில் சுழற்றுவதானால் அடித்தளமே மட்டமாக இருக்க வேண்டும். கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்யுங்கள். கேமராவைத் தாங்கும் உருண்டைத் தலையான பால்ஹெட்டை மட்டும் சாய்த்து மட்டம் பார்த்தால் சுழற்றும்போது அடிவானம் சரிந்துகொண்டே போகும். அலை வந்து போகும் இடத்தில் கால்களின் அடியில் மணல் அரிக்கும். ஒரு சாண் ஆழத்துக்கு அழுத்தி நட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரவில் ராட்டினமும் கோபுரத்து சீரியல் செட்டும் தாராளமாகக் கோடு தரும். ராட்டினத்துக்கு ட்ரைபாட், எஃப்/8, 1 முதல் 4 விநாடி. சுற்றுவது அது, கேமரா நிற்கட்டும். சீரியல் செட்டில் கேமராவை இழுத்தால் சில கோடுகள் தொடர்ச்சியாக இல்லாமல் புள்ளி புள்ளியாக விழும். அது கேமராக் கோளாறு அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகள் அதற்கேற்ப விநாடிக்கு 50 அல்லது 100 முறை அணைந்து எரிகின்றன. கால் விநாடி இழுப்பில் பன்னிரண்டோ இருபத்தைந்தோ புள்ளிகள் வரும். மெதுவாக இழுத்தால் ஒட்டிக்கொள்ளும், வேகமாக இழுத்தால் இடைவெளி தெரியும். தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜூமைத் திருகுவது இன்னொரு வழி. 1 விநாடி ஷட்டர், முதல் பாதி அசையாமல் வைத்து, மறுபாதியில் 55 மி.மீ.-இலிருந்து 18-க்குத் திருகுங்கள். இது சீக்கிரம் சலித்துவிடும் வித்தை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மொபைலில் ஒரு சிக்கல் உண்டு. அதன் அபெர்ச்சர் எஃப்/1.8 போல நிலையாக இருப்பதால், பகலில் 1/4 வைத்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அந்தி சாய்ந்த பிறகு ப்ரோ முறையில் ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுங்கள். நைட் மோடைத் தொடாதீர்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, நீங்கள் உண்டாக்கிய அசைவையே துடைத்துவிடப் பார்க்கும். ஐபோனின் லைவ் ஃபோட்டோவில் உள்ள லாங் எக்ஸ்போஷர் ஓடும் தண்ணீருக்கு நன்றாக வரும், கேமராவை இழுப்பதற்கு உதவாது.

வெட்டுவது

கணினியில் முதலில் படத்தைச் சின்னதாக்கி, கட்டைவிரல் அளவில் பாருங்கள். அந்த அளவிலும் இது மரம், இது கடல் என்று எது சொல்லிக்கொடுக்கிறதோ, அதுதான் முதலில் போக வேண்டியது. பெரும்பாலும் மூன்று காட்டிக்கொடுக்கும்: அடிவானம், தரை தொடங்கும் இடம், பொருளின் நுனி. மரத்துக்கு மட்டை, ராட்டினத்துக்கு அச்சு, கட்டடத்துக்குக் கூரை மூலை. இவை மூன்றும் போனால் பார்ப்பவர் நிறத்தையும் தாளத்தையும் பார்ப்பார்.

பிறகு ஓரங்கள். நான்கு ஓரங்களிலும் கண்ணை ஓட்டுங்கள். எங்காவது ஒரு வெளிச்சத் திட்டு பாதியில் அறுபட்டு நின்றால் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதை முழுதாக உள்ளே விடுங்கள், அல்லது முழுதாக வெளியே தள்ளுங்கள். ஒரு கோடு சரியாக மூலையில் போய் முடிவதும் உறுத்தும். சிறிது நகர்த்தினால் போதும்.

சாய்வில் இரண்டுங்கெட்டான் நிலை கூடாது. செங்குத்துக் கோடு இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் தவறு போலத் தெரியும். ஒன்று நேராக்குங்கள், இல்லையென்றால் இருபது டிகிரிக்கு மேல் துணிந்து சாயுங்கள். படத்தையே 90 டிகிரி திருப்பிப் பார்ப்பதும் நல்லது. கடலின் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் அதைக் கடல் என்று யாரும் சொல்லப்போவதில்லை. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் ஆர் (R) விசை க்ராப்பைத் திறக்கும், எக்ஸ் (X) விசை கிடைமட்டத்தையும் செங்குத்தையும் மாற்றும். விர்ச்சுவல் காப்பி (மூல ஃபைலைத் தொடாத நகல்) போட்டுக்கொண்டு ஒரே ஃபைலிலிருந்து சதுரம், 3:1, 4:5 என்று மூன்று விதமாக வெட்டி ஒரு நாள் கழித்துத் தேர்ந்தெடுங்கள். காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் கணினிக்கு டார்க்டேபிள், மொபைலுக்கு ஸ்னாப்சீட்.

எவ்வளவு வரை வெட்டலாம்? 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000. சாதாரணப் படத்தை 12 × 8 அங்குலத்தில் 300 பிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட 3600 × 2400 வேண்டும். இந்தப் படங்களில் நுண்விவரம் இல்லாததால் 150 பிபிஐ-யே தாங்கும். அதே அளவுக்கு 1800 × 1200 போதும், அதாவது மொத்தப் பரப்பில் பதினொன்றில் ஒரு பங்கு. அதனால் தைரியமாக வெட்டுங்கள். அவ்வளவு வெட்டினால் ஐஎஸ்ஓ இரைச்சலும் தூசியும் பெரிதாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 100 சதவீதத்தில் வைத்து ஹீல் கருவியால் ஒவ்வொரு புள்ளியாகத் துடையுங்கள்.

டோனில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. வெளிச்சமும் இருட்டும் கலந்து சராசரியாகிவிடுவதால் ரா ஃபைல் சாம்பல் பூத்து வரும். பிளாக் ஸ்லைடரைக் கீழே இறக்கி, மங்கலை நீக்கும் டீஹேஸ் 10 முதல் 20 வரை கொடுங்கள். ஷார்ப்பனிங் பூஜ்யம். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) ஏற்றும் ஆசை வரும். ஏற்றினால் நிறப் பட்டைகள் சந்திக்கும் இடத்தில் மெல்ல மாறும் சாயல் போய், படிக்கட்டுப் போல உடையும். 8 பிட் ஜேபெக்கில் இது இன்னும் மோசம், எனவே திருத்தங்கள் முடியும் வரை 16 பிட்டிலேயே வைத்திருங்கள். அச்சுக்கு மேட் தாள் கேளுங்கள். பளபளப்புத் தாளில் அறை விளக்கின் பிரதிபலிப்பும் இந்தக் கோடுகளோடு சேர்ந்துகொள்ளும்.