உங்கள் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடுவது எப்படி: ஜிபிஎல் உரிமம் இடும் முறை

ஒரு நிரலின் மூலநிரலை இணையத்தில் எவரும் காணும்படி வைத்துவிட்டாலே அது கட்டற்ற மென்பொருள் ஆகிவிடும் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்வதில்லை. ஒரு படைப்பு எழுதப்பட்ட கணத்திலேயே, எங்கும் பதிவு செய்யாவிட்டாலும், அதன் பதிப்புரிமை படைத்தவரைச் சேர்ந்துவிடுகிறது. பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்துள்ள நாடுகள் அனைத்திலும் இதுவே நிலை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள்ளேயே வைக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே உரிமம் எழுதப்படாத நிரலைப் பிறர் படித்துப் பார்க்கலாமே தவிர, நகலெடுத்துப் பகிரவோ திருத்தி வெளியிடவோ அவர்களுக்கு அனுமதி கிடையாது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் போன்ற தளங்களின் விதிகளும் அந்தத் தளத்துக்குள் பார்வையிடவும் கிளை பிரிக்கவும் (ஃபோர்க்) மட்டுமே இடம் தருகின்றன.

அந்த அனுமதியை ஆசிரியராகிய நீங்கள்தான் எழுத்தில் தர வேண்டும். அந்த எழுத்துதான் உரிமம்; அவற்றுள் ஒன்றான க்னூ பொது உரிமத்தை, சுருக்கமாக ஜிபிஎல்லை, இடும் முறையை இங்கே பார்ப்போம். எழுதும்போது ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: உங்களை அறியாதவர், பல ஆண்டுகள் கழித்து, உங்கள் நிரலின் ஒரே ஒரு கோப்பை மட்டும் வேறெங்கிருந்தோ பெற்றவர். உங்களைத் தொடர்புகொள்ள அவருக்கு வழியே இல்லாமல் போகலாம். தமக்கு என்னென்ன செய்ய அனுமதி உண்டு என்பதை அந்தக் கோப்பைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அவருக்காகத்தான்.

நிரல் உங்களுடையதுதானா?

பலரும் தாண்டிப் போய்விடும் முதற்படி இது. இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக ஒருவர் எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. மாலை நேரத்தில் வீட்டிலிருந்து எழுதியது என்பதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. அலுவலகக் கணினியில் எழுதியிருந்தாலோ, அலுவலகப் பணியோடு தொடர்புடையதாக இருந்தாலோ, சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு பத்தி இருந்தாலோ கேள்வி எழக்கூடும். ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். ஐயம் இருந்தால், இந்த நிரலின் பதிப்புரிமையில் தமக்கு எந்த உரிமைகோரலும் இல்லை என்று நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரல் சிறியதாகவும் அதன் மதிப்பு யாருக்கும் தெரியாததாகவும் இருக்கும்போது இந்தக் கடிதம் எளிதில் கிடைக்கும். பிறகு கிடைப்பது அரிது. கல்லூரி மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் தங்கள் நிறுவனத்தின் விதிகளை இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அடுத்து, பிறர் எழுதிய பகுதிகள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். கேள்வி பதில் தளங்களிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டுகளுக்கும் உரிமம் உண்டு. பயன்படுத்தும் நிரலகங்களின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளின்) உரிமங்களும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் உரிமத்தோடு ஒத்துப்போக வேண்டும். எம்ஐடி உரிமமும் விளம்பர நிபந்தனை நீங்கிய பிஎஸ்டி உரிமங்களும் ஜிபிஎல்லோடு பொருந்தும். அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்த நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் கீழ் உள்ள பணியில் சேர்க்கலாம், இரண்டாம் பதிப்பு மட்டும் உள்ள பணியில் சேர்க்க முடியாது.

எந்த உரிமம்?

கட்டற்ற மென்பொருள் என்பதற்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நான்கு சுதந்திரங்களை அளவுகோலாக வைக்கிறது: எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்குவது, மூலநிரலைப் படித்து வேண்டியபடி மாற்றுவது, நகல்களைப் பகிர்வது, மாற்றிய வடிவத்தையும் பகிர்வது. இவற்றில் ஒன்றைக் குறைத்தாலும் அது கட்டற்ற மென்பொருள் அல்ல. நான்கையும் தரும் உரிமங்கள் இரு வகைப்படும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை பெற்றவர் அதை மூலநிரல் தராத மூடிய மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளவும் விடுகின்றன. க்னூ பொது உரிமம், அதாவது ஜிபிஎல், நான்கு சுதந்திரங்களையும் தந்துவிட்டு, நிரலையோ அதன் திருத்திய வடிவத்தையோ வெளியிடுபவர் அதே சுதந்திரங்களைத் தம்மிடம் பெறுபவருக்கும் தர வேண்டும் என்று நிபந்தனை இடுகிறது. இதையே காப்பிலெஃப்ட் என்கிறார்கள். ஜிபிஎல்லின் முதற்பதிப்பு 1989இலும், இரண்டாவது 1991இலும், இப்போது நடப்பில் உள்ள மூன்றாவது 2007இலும் வெளிவந்தன.

பல மாத உழைப்பில் உருவான முழுமையான பயன்பாட்டு நிரல் என்றால் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பையே நான் பரிந்துரைக்கிறேன். நீங்கள் தந்த சுதந்திரம் உங்களிடமிருந்து பெற்ற முதல் ஆளோடு நின்றுவிடாமல் கடைசிப் பயனர் வரை சென்று சேர அதுவே உறுதியான வழி. பிணையத்தின் வழியே மட்டும் பயன்படும் சேவை நிரல் என்றால், ஜிபிஎல்லில் ஓர் இடைவெளி இருக்கிறது: நிரலைத் தம் வழங்கியில் (சர்வரில்) இயக்குபவர் அதை எவருக்கும் வெளியிடுவதில்லை என்பதால், தாம் செய்த மாற்றங்களின் மூலநிரலைத் தர வேண்டிய கடமையும் அவருக்கு எழுவதில்லை. அத்தகைய நிரலுக்கு ஜிபிஎல்லின் ஒரு வகையான ஏஜிபிஎல் பொருத்தமானது. மாற்றிய வடிவத்தைப் பிணையம் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. மூடிய மென்பொருள்களும் இணைத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் கருதும் நிரலகத்துக்கு எல்ஜிபிஎல் என்னும் தளர்வான வகை உண்டு. முந்நூறு வரிக்கும் குறைவான சிறு நிரல்களுக்குக் காப்பிலெஃப்ட் தேவையில்லை, அப்பாச்சி 2.0 போதும் என்று அறக்கட்டளையே சொல்கிறது; காப்பிலெஃப்ட் தரும் பயன் அத்தனை சிறிய அளவில் பெரும்பாலும் மிகக் குறைவு.

‘எல்லோரும் பயன்படுத்தலாம், ஆனால் யாரும் இதை வைத்துப் பணம் சம்பாதிக்கக் கூடாது’ என்று எழுத வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. அந்த ஒரு வரி முதல் சுதந்திரத்தையும் பகிரும் சுதந்திரத்தையும் ஒருசேரக் குறைத்துவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருனியும் 1991இல் இதைப் போன்ற தடையோடுதான் வெளிவந்தது; நகலெடுத்துத் தரும் செலவுக்காகக்கூடப் பணம் வாங்க அதில் இடமில்லை. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1992இல் அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். வட்டுகளில் பதிந்து விற்றவர்களும், ஆதரவுச் சேவைக்குக் கட்டணம் வாங்கிய நிறுவனங்களும் அதைப் பரப்பியது அந்த மாற்றத்தால் இயன்றது. ஜிபிஎல் நிரலை விற்கத் தடையே இல்லை. மூலநிரலை மறைத்து விற்கத்தான் தடை.

சொந்தமாக உரிமம் எழுதுவதையும், இருக்கும் உரிமத்தில் நல்லெண்ணத்தோடு ஒரு வரி சேர்ப்பதையும் தவிருங்கள். ஜேசன் (JSON) தரவு வடிவத்துக்கான நிரல்களோடு வந்த ஜேசன் உரிமத்தில் ‘இம்மென்பொருள் நன்மைக்கே பயன்பட வேண்டும், தீமைக்கு அல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின் காரணமாகவே டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டம் அந்த உரிமத்தைக் கட்டற்றது என ஏற்கவில்லை. எது நன்மை என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது, பயன்படுத்துபவர் எந்த உறுதியும் இன்றி நிற்க நேர்கிறது.

கோப்புகளில் செய்ய வேண்டியவை

ஜிபிஎல் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று கொள்வோம். உரிமத்தின் முழு வாசகத்தையும் வெறும் உரைக் கோப்பாக க்னூ திட்டத்தின் தளத்திலிருந்து இறக்கி, உங்கள் களஞ்சியத்தின் முதல் அடைவில் ‘காப்பியிங்’ (COPYING) அல்லது ‘லைசென்ஸ்’ (LICENSE) என்ற வழக்கமான ஆங்கிலப் பெயரில் வையுங்கள். அந்த வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. உங்கள் பெயரை அதில் நிரப்பவும் கூடாது. இறுதியில் ‘இந்நிபந்தனைகளை உங்கள் நிரலுக்குப் பொருத்துவது எப்படி’ என்று வரும் பகுதியில் உள்ள வெற்றிடங்கள் எடுத்துக்காட்டுக்காக உள்ளவை. தமிழ் மொழிபெயர்ப்பை வாசகர் புரிந்துகொள்வதற்காகத் தனிக் கோப்பாக வைக்கலாம், ஆனால் சட்ட வலிமை ஆங்கில மூலத்துக்கு மட்டுமே உண்டு என்பதை அதன் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

உரிமக் கோப்பை வைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வேலைதான் முக்கியமானது: ஒவ்வொரு மூலநிரல் கோப்பின் தலையிலும், குறிப்புரையாக, இரண்டு செய்திகள் இருக்க வேண்டும். முதலாவது பதிப்புரிமை வரி. ‘காப்பிரைட்’ என்ற சொல்லை ஆங்கிலத்திலேயே எழுதி, அதன் பின் வெளியிட்ட ஆண்டையும் உரிமையாளரின் பெயரையும் குறிப்பிடுங்கள். மற்ற மொழிப் படைப்புகளிலும் அந்த ஆங்கிலச் சொல்லையே இடுவது உலக வழக்கு. இரண்டாவது அனுமதி அறிவிப்பு. ஜிபிஎல்லின் இறுதியில் தரப்பட்டுள்ள ஆங்கில வாசகத்தை அப்படியே ஒட்டுங்கள். அதன் சாரம் இது: இது கட்டற்ற மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வெளியிட்டுள்ள க்னூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்படியோ, நீங்கள் விரும்பினால் அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பின்படியோ இதைப் பகிரலாம், மாற்றலாம், பயன்படும் என்ற நம்பிக்கையில் இது வழங்கப்படுகிறது, ஆனால் எவ்வித உத்தரவாதமும் இல்லை, உரிமத்தின் நகல் இத்துடன் வந்திருக்க வேண்டும். உத்தரவாத மறுப்பை விட்டுவிடாதீர்கள், இலவசமாகத் தந்த ஒன்றுக்காக நீங்கள் வழக்கைச் சந்திக்காமல் காப்பது அந்த வரிதான்.

‘பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்ற தொடரைச் சேர்ப்பதா என்பது உங்கள் முடிவு. லினக்ஸ் கருனி இரண்டாம் பதிப்பு மட்டும் என்றே நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் பதிப்புரிமை கொண்டுள்ள அதை இனி வேறு பதிப்புக்கு மாற்றுவது நடைமுறையில் இயலாது. உரிமத்தில் குறை தெரியவந்து புதிய பதிப்பு வரும்போது உங்கள் நிரலும் அதோடு பொருந்த வேண்டும் என்பதால், சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. எப்படியானாலும் பதிப்பைத் தெளிவாக எழுதுங்கள். ‘ஜிபிஎல் உரிமம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், எந்தப் பதிப்பும் குறிப்பிடப்படாத நிலையில் பெறுபவர் தமக்கு விருப்பமான பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உரிமமே சொல்கிறது. உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் (SPDX) என்ற ஒரு வரிக் குறியீட்டையும் தலையில் சேர்த்தால், உரிமங்களைத் தானாகச் சரிபார்க்கும் கருவிகள் அதைப் படித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கோப்பிலும் எழுதுவது வீண் உழைப்பு என்று கருதுவோர் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கை அறிந்திருப்பது நல்லது. மாதிரி இரயில்களைக் கணினியால் இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற கட்டற்ற மென்பொருளின் கோப்புகள் வணிக மென்பொருள் ஒன்றில் இடம்பெற்றபோது, ஆசிரியர் பெயர்களும் பதிப்புரிமை அறிவிப்புகளும் உரிமக் கோப்பைச் சுட்டும் குறிப்புகளும் நீக்கப்பட்டிருந்தன. அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல், அந்த உரிமத்தின் விதிகள் வெறும் வாக்குறுதிகள் அல்ல, அனுமதியின் நிபந்தனைகள் என்றும், அவற்றை மீறி நகலெடுப்பது பதிப்புரிமை மீறலாகும் என்றும் தீர்ப்பளித்தது. கோப்புகளில் அறிவிப்புகள் இருந்ததால்தான் அவை நீக்கப்பட்டதைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

இதற்குப் பின் அறிமுகக் கோப்பில் (README) உரிமத்தின் பெயரை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். சாளரம் உள்ள நிரல் என்றால் ‘நிரலைப் பற்றி’ என்னும் பகுதியிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். கையேட்டுக்கும் படங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பண்புக்கூறு-அதேபகிர்வு உரிமம் பொருந்தும், நிரலுக்கு அது உரியதன்று. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே மென்பொருளுக்குத் தன் உரிமங்களைப் பரிந்துரைப்பதில்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்து வெளியிடுகிறீர்கள் என்றால் அதன் உரிமத்தைத் தவறாமல் பாருங்கள். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவற்றை, உரிம வாசகத்தோடு, நிரலுடன் சேர்த்துத் தரலாம். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் எழுத்துரு எல்லாம் பகிரத்தக்கது என்று கொள்ளாதீர்கள்.

மற்றவர்கள் பங்களிக்கும்போது

முதல் திருத்தம் வெளியிலிருந்து வந்த நாளிலிருந்து நிரலின் பதிப்புரிமை உங்கள் ஒருவருடையது அல்ல. அவரவர் எழுதிய பகுதி அவரவருக்குச் சொந்தம். வீடியோலேன் திட்டத்தினர் தங்கள் விஎல்சி காணொளி இயக்கியின் முக்கியப் பகுதிகளை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற விரும்பியபோது, பல ஆண்டுகளாகப் பங்களித்த ஏராளமானோரைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. எனவே பங்களிப்புகள் எந்த உரிமத்தின் கீழ் ஏற்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். லினக்ஸ் கருனி 2004 முதல் பின்பற்றும் முறை எளிமையானது: பங்களிப்பவர், இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற சான்றுரையை ஏற்று, ஒவ்வொரு மாற்றத்தோடும் தம் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு வரியாக இணைக்கிறார். சிறு திட்டங்களுக்கு இதுவே போதும்.

உரிமத்தை யாரேனும் மீறியதாகத் தெரிந்தால் முதலில் செய்தியை உறுதி செய்யுங்கள்: எந்தப் பொருளில், எந்தப் பதிப்பில், உங்கள் எந்தக் கோப்புகள் உள்ளன, மூலநிரலோ அதைத் தருவதாக எழுத்தில் உறுதிமொழியோ உடன் வந்திருக்கிறதா என்று குறித்துவையுங்கள். பிறகு பதிப்புரிமையாளர் என்ற முறையில் தனிக் கடிதம் எழுதி, மூலநிரலை வெளியிடும்படி கேளுங்கள். முதன்முறையாக மீறியவர் உங்கள் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்துவிட்டால் அவருடைய உரிமம் நிரந்தரமாக மீண்டுவிடும் என்று ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 8ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவைக் கடிதத்திலேயே எடுத்துக்காட்டுங்கள், ஏனெனில் மீறுபவர்களில் பலர் உரிமத்தை வாசிக்காதவர்களே. பதிலே வராவிட்டால் மட்டும், குறித்துவைத்த சான்றுகளோடு வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.